முட்டுதா என்று கேட்டார்கள்

எனக்கு வந்த நோயின் பெயரைச் சொன்னால் எங்கள் மலையில் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஆண்கள் பீடி பற்ற வைப்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு என்னைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட என்ன நோய் என்று கேட்கவில்லை. "வயித்துக்குக் கீழ இன்னாவோ" என்று அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். இன்னாவோ இல்லை ஐயா. ஒண்ணுக்கு அடைத்துக்கொண்டது. அதைத்தான் எழுதப்போகிறேன். மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

ஆண்பிள்ளை எல்லாருக்கும் மூத்திரப்பையின் கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். புரோஸ்டேட் என்கிறார்கள். கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்க வேண்டும். வயதானால் சிலருக்கு அது எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெருத்து, நடுவே போகிற வழியை நெரித்துவிடும். பையில் தண்ணீர் நிறைந்து நிற்கும், வெளியே வராது. வந்தாலும் சொட்டுச் சொட்டாக வரும். எனக்கு அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. புளியமரத்தின் பின்னால் போய்க் குந்தினால், பக்கத்தில் மேய்கிற மாடு தன் வேலையை முடித்துவிட்டு நடந்துவிடும், நான் குந்தியே இருப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. என் பெண்டாட்டி ராமாயியிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் ராமாயியின் அண்ணன் வெள்ளையன். எனக்கு மச்சான், அதைவிடக் கூட்டாளி. அவனுக்கும் இதே நோய்தான். எனக்கு ஒரு வருஷம் முன்னாலேயே மலையிறங்கிக் கீழ்நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். என்னவோ சோதனை செய்தார்கள். ஆபரேஷன் இல்லாமல், ஒரு ரப்பர் குழாயோடும் தொடையில் கட்டிய பாட்டிலோடும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாகும்வரை குழாய்தான் என்று சொல்லிவிட்டார்களாம். சந்தையில் நாலு பேரைக் கலாய்க்காமல் வீடு திரும்பாத மனுஷன், அதற்குப் பிறகு வாசலைத் தாண்டவில்லை. போய்க் கேட்டேன். "பை செத்துப்போச்சாம் மாப்ள" என்றான். குழாய் வழியே சீழ் ஏறிக் காய்ச்சல் வந்து, சாமை அறுப்புக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தான். ஊரில் எல்லாரும் அவன் காலம் முடிந்தது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு முழுசாக அடைத்துக்கொண்டது ஜமுனாமரத்தூர் சந்தையில். காலையிலிருந்து ஒரு சொட்டுப் போகவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. புளிக் கூடைகளுக்கு நடுவே நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு முனகுவதைப் பார்த்து, ராமாயியின் தம்பி சடையன்தான் என்னைத் தூக்கிப் பஸ்ஸில் போட்டான்.

"அக்கா, நீ கூடப் போ. மாட்ட, வூட்ட நான் பாத்துக்கறேன்" என்றான்.

மலைக்குப் பஸ் விட்டுச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் வண்டி ஆடும்போது என் உயிர் தொண்டைக்கு வந்து போனது. கண்டக்டர் நல்ல மனுஷன். "பெரியவரே, நிறுத்தறேன், எறங்கிப் போய்ட்டு வாங்க" என்றார். இறங்கிக் குந்தினேன். ஒன்றும் வரவில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது. எவனோ சிரித்தான்.

ராமாயி படியில் நின்றுகொண்டு கத்தினாள். "இன்னாய்யா வேடிக்க? மனுஷன் குந்தினதப் பாத்ததே இல்லியா? அந்தப் பக்கம் திரும்புங்க!"

திரும்பினார்கள். அடிவாரத்து அமிர்தி தாண்டும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு குழாயை உள்ளே விட்டார்கள். கதீட்டர் என்று பெயர். விடும்போது சாமி கண்ணில் தெரிந்தது. விட்ட பிறகு வந்த சுகத்தை எப்படிச் சொல்வது? அழுதேவிட்டேன். பானை நிறைந்து, இன்னொரு பானையும் கேட்டார்கள். "இம்மாந் தண்ணிய எங்கய்யா வெச்சிருந்த?" என்று வார்டு ஆள் சிரித்தான்.

அதற்குப் பிறகு காத்திருத்தல். இரத்தம் எடுக்க ஒரு பெஞ்சு, போட்டோ எடுக்க ஒரு பெஞ்சு, சீட்டுக்கு ஒரு பெஞ்சு. எல்லா இடத்துக்கும் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மஞ்சளாக அது ஆடுவதை எல்லாரும் பார்ப்பார்கள். ராமாயி தன் பழைய சேலையைக் கிழித்துப் பை மாதிரி தைத்து, பாட்டிலை அதற்குள் வைத்துக் கொடுத்தாள். "சந்தைக்கு இன்னாவோ வாங்கினு போற மாதிரி கீது, புடிங்க" என்றாள். அந்தக் கஷ்டத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அவள் அண்ணனுக்கு அப்படித் தைத்துக் கொடுக்க யாரும் இல்லை என்று நினைத்திருப்பாள்.

பெரிய டாக்டர் வந்தார். தலை நரைத்தவர், அவசரக்காரர். ரப்பர் உறை போட்ட விரலைப் பின்பக்கம் விட்டு அந்தச் சுரப்பியைத் தொட்டுப் பார்த்தார். அந்த அவமானத்தை விவரிக்க மாட்டேன். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "நல்லாப் பெருத்திருக்கு. சுரண்டி எடுத்துடலாம். ஆனா அதுக்கு முன்னாடி மூத்திரப்பைக்குச் சக்தி இருக்கான்னு பாக்கணும். பம்பு செட்டு தெரியுமா? தண்ணி வரலன்னா பைப்பு அடைச்சிருக்கலாம். இல்ல, பம்பே கெட்டுப் போயிருக்கலாம். பைப்பு அடைப்புன்னா ஆபரேஷன் பண்ணலாம். பம்பு போச்சுன்னா பண்ணிப் புண்ணியம் இல்ல."

எங்கள் ஊரில் அப்போது பம்பு செட்டே கிடையாது. இருந்தாலும் புரிந்தது. வெள்ளையனுக்குக் கெட்டுப்போனது பம்பு. எனக்கு எதுவென்று அந்தச் சோதனைதான் சொல்லும். பைப்பு என்றால் மனுஷனாக மலையேறுவேன். பம்பு என்றால் வெள்ளையன் படுத்திருந்த மாதிரி வீட்டு மூலையில் படுப்பேன்.

சோதனை அறை ஐஸாகச் சில்லென்று இருந்தது. உயரமான இரும்புக் கட்டிலில் இடுப்புக்குக் கீழ் துணியில்லாமல் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். பழைய குழாயை எடுத்துவிட்டு முன்னால் மெல்லிசாக ஒன்று, பின்னால் ஒன்று. மேலே தொங்குகிற பாட்டிலிலிருந்து தண்ணீர் மெதுவாகப் பைக்குள் இறங்கும். பக்கத்தில் ஒரு மிஷின் இருந்தது. பைக்குள் இருக்கிற அழுத்தத்தை அதன் முள் காகிதத்தில் கோடாக இழுக்கும். அறையில் ஒரு சின்ன டாக்டர், படிக்கிற பிள்ளைகள் சிலர், ஒரு நர்ஸ். அந்த நர்ஸுக்கு என் மகள் வயது.

"தண்ணி உள்ள போவும். முட்டுச்சுன்னா சொல்லு" என்றான் அந்தச் சின்ன டாக்டர். அவன் பிறந்தபோது எனக்கு மீசை இருந்திருக்கும். சொல்லு என்கிறான்.

கொஞ்ச நேரத்தில் கேட்டான். "இன்னா, முட்டுதா?"

"இல்ல" என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் மலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பஸ் வருவதற்கு முன்னால் புளியையும் சாமையையும் தலைச்சுமையாக மலையடியில் இருக்கிற ஒடுகத்தூர் சந்தைக்கு இறக்குவோம். ஒற்றையடிப் பாதை, ஒருவர் பின்னால் ஒருவர். தலையில் இருக்கிற மூட்டையை ஒருத்தனால் தனியாக இறக்கி ஏற்ற முடியாது, இன்னொருத்தன் கை கொடுக்க வேண்டும். ஒருத்தன் ஒண்ணுக்கு நின்றால் மொத்த வரிசையும் வெயிலில் சுமையோடு நிற்கும். அதனால் சுமைதாங்கிக் கல் வரும்வரை யாரும் நிற்கக் கூடாது. அந்தக் கல் தோள் உயரம் இருக்கும், சுமையை அதன்மேல் தள்ளிவிட்டுத்தான் ஓரமாகப் போய்க் குந்துவோம். அதுவரை அடக்க வேண்டும். வழியெல்லாம் பின்னால் வருகிறவன் சீண்டுவான், "இன்னாடா, முட்டுதா?" என்று. ஆமாம் என்றால் முடிந்தது கதை. சந்தை போய்த் திரும்பும்வரை ஓட்டைப் பானை என்பார்கள். கலியாணப் பந்தலில்கூடச் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் எங்களுக்கு அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். இல்ல. வயிறு வெடித்தாலும் இல்ல. அதில் ராஜா வெள்ளையன். கல் வந்த பிறகும் மீசையை நீவிக்கொண்டு, எல்லாரும் போய் வந்த பிறகுதான் போவான்.

அந்தக் கட்டிலில் படுத்திருந்த எனக்கு இதெல்லாம் ஞாபகம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கேட்டான், வாய் தானாக இல்ல என்றது. பொம்பளைப் பிள்ளை வேறு பக்கத்தில் நிற்கிறாள்.

"இன்னுமா முட்டல?"

"இல்ல."

அடிவயிறு விண்ணென்று ஏறியது. கால் விரல்களை மடக்கிக்கொண்டேன். நெற்றியில் வியர்வை. அடக்க அடக்க எனக்குள் ஒரு பெருமை வேறு. பைக்குச் சக்தி இருக்கிறதா என்றுதானே பார்க்கிறார்கள், எவ்வளவு தாங்கும் என்று பார்க்கட்டும் என்று நினைத்தேன். கடைசியில் அவனே தண்ணீரை நிறுத்திவிட்டான்.

"சரி, இப்ப போ" என்று ஒரு தட்டைக் காலுக்கு நடுவே வைத்தான்.

எப்படிப் போவது? பிறந்ததிலிருந்து நான் மல்லாக்கப் படுத்துக்கொண்டு ஒண்ணுக்குப் போனதில்லை. நின்றுகொண்டும் போனதில்லை. எங்கள் ஊரில் ஆணும் குந்தித்தான் போவான். இத்தனை பேர் பார்க்க, போய்க் காட்டு என்றால் வருமா? "முக்கு, முக்கு" என்றான். படிக்கிற பிள்ளைகள் முள்ளையே பார்த்தார்கள். முள் அசையவில்லை. என் உடம்பு கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது.

அவர்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். பிறகு அந்தச் சின்ன டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் தமிழில் சொன்னான். "உணர்ச்சியும் இல்ல, சுருங்கவும் இல்ல. பை செத்துப்போச்சு. ஆபரேஷன் பிரயோஜனப்படாது. டியூபோட வூட்டுக்குப் போலாம்."

பை செத்துப்போச்சு. வெள்ளையன் சொன்ன அதே வார்த்தை, ஓர் எழுத்து மாறவில்லை.

மறுபடி தடித்த குழாயை மாட்டி வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ராமாயியிடம் சொன்னேன். அவள் சாமைக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"உள்ள இன்னா கேட்டாங்க?" என்றாள்.

"முட்டுதான்னு கேட்டாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இல்லன்னேன்."

"நெஜமாவே முட்டலியா?"

நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"கேக்கறேன் இல்ல? முட்டுச்சா, இல்லியா?"

"முட்டுச்சு. உயிர் போச்சு."

எழுந்தாளே பார்க்கணும்! வார்டு முழுக்கத் திரும்பியது. "அப்பறம் எதுக்கு இல்லன்னீங்க? இங்க இன்னா ஒடுகத்தூருக்குப் புளி தூக்கினு போறீங்களா? எவன் உங்கள ஓட்டப் பானன்னு சொல்லப்போறான்? ஐயோ, இந்த ஆம்பளைங்க வீராப்புல இடி விழ!"

கத்தியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மெதுவாக உட்கார்ந்து, கஞ்சி டம்ளரை எடுத்து மறுபடி ஆற்ற ஆரம்பித்தாள். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

அந்த ராத்திரி முழுக்க என்மேல்தான் எனக்குக் கோபம். விடிந்தபோது அது அவர்கள்மேல் திரும்பிவிட்டது. ஏனய்யா, ஒரு வார்த்தை, எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லியிருக்கக் கூடாதா? முட்டும்போது சொன்னால்தான் பை உயிரோடு இருக்கிறது என்று தெரியும், அடக்கினால் செத்தது என்று எழுதிவிடுவோம் என்று சொல்லியிருந்தால் நான் முதல் சொட்டிலேயே கூவியிருக்க மாட்டேனா? என் உடம்புக்குள் குழாயை விட்ட நேரத்துக்கு, என் காதுக்குள் ஒரு வார்த்தையை விட நேரம் இல்லையா? காட்டான் தானே, கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும் என்ற நினைப்பு!

பெரிய டாக்டர் ரவுண்டு வந்தபோது சின்ன டாக்டர் என் சீட்டை நீட்டி இங்கிலீஷில் என்னவோ சொன்னான். பெரியவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நான் அவர் கோட்டைப் பிடித்துவிட்டேன்.

"சார், அந்தச் சோதனை பொய்" என்றேன். "முட்டுச்சு சார். நான் இல்லன்னு சொன்னேன்."

"ஏன் பொய் சொன்னீங்க?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு சோதனைக்கு எவ்ளோ நேரம் ஆவுது தெரியுமா? வெளியில எத்தனை பேர் காத்துனு இருக்காங்க?"

"எங்க மலையில எவனும் ஆமான்னு சொல்ல மாட்டான் சார். ஏன் கேக்கறோம்னு நீங்க சொன்னீங்களா? மல்லாக்கப் போட்டுப் போ போன்னா எப்படி சார் வரும்? நீங்க போவீங்களா? இத்தனி பேரு பாக்க, இந்தக் கட்டில்ல படுத்துனு, நீங்க போய்க் காட்டுங்க சார்!"

வார்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. திட்டப்போகிறார் என்று பார்த்தேன். கோட்டை என் கையிலிருந்து விடுவித்துக்கொண்டார்.

"வூட்ல எப்படிப் போவீங்க?"

"குந்தித்தான்."

சின்ன டாக்டரைப் பார்த்தார். "நாளைக்கு மறுபடி வைங்க. நானும் வர்றேன்." என்னிடம் திரும்பி, "இந்தத் தடவையும் வீம்பு பண்ணீங்கன்னா நேரா மலைக்கு அனுப்பிடுவேன்" என்றார். அனுப்புங்களேன் என்று வாய் வரை வந்தது. ராமாயி என் கையைக் கிள்ளினாள்.

மறுநாள் அதே அறை. தரையில் இரண்டு மரப்படிகளை இடைவெளி விட்டுப் போட்டு, நடுவே தட்டு வைத்திருந்தார்கள். சுற்றிலும் துணித் தடுப்பு. படிக்கிற பிள்ளைகள் இல்லை. நர்ஸ் வெளியே. நான் கேட்டதால் ராமாயியைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க விட்டார்கள். மெல்லிசுக் குழாய்களோடு படியில் கால் வைத்துக் குந்தினேன். தண்ணீர் இறங்கியது. பெரியவர் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப?"

சொல்ல வேண்டும் என்று தெரியும். தெரிந்தும் நாக்கு எழவில்லை. குழாயை விட்டபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

"சொல்லுங்களேன்!" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ராமாயி அதட்டினாள்.

"முட்டுது" என்றேன். பிறகு, "ரொம்ப முட்டுது சார்!" என்று கத்தினேன்.

"போங்க."

குந்தியிருந்த உடம்புக்கு வழி தெரிந்திருந்தது. அடிவயிறு இறுகியது. முள் குதித்தது, காகிதத்தில் கோடு மலை மாதிரி ஏறிற்று. தட்டில் விழுந்தது என்னவோ நூல் போலச் சன்னமாகத்தான். ஆனால் விழுந்தது, சத்தம் கேட்டது.

"பம்பு நல்லாத்தான் இருக்கு. அடைப்பத் தள்ளிப் பாக்குது, முடியல. அவ்ளோதான்" என்றார் பெரியவர். "ஆபரேஷன் பண்ணிடலாம்."

நான் சிரித்துக்கொண்டே தடுப்பை விலக்கினேன். ராமாயி தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எங்கண்ணனும் இல்லன்னுதான் சொல்லியிருப்பான்" என்றாள்.

ஆபரேஷன் நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்து, வயிற்றைக் கிழிக்காமல், மூத்திரம் வரும் வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டினார்கள். சில நாள் சிவப்பாக வந்தது, பயந்து செத்தேன், பிறகு தெளிந்தது. குழாயை எடுத்த அன்று கக்கூஸில் குந்தினேன். அருவி ஐயா, அருவி! ஆட்டை விற்றுப் பணத்தோடு வந்திருந்த சடையனிடம் ராமாயி வெளியே நின்று, "கேக்குதாடா?" என்றாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு தூரமாகப் போய்விட்டான்.

கிளம்பும்போது பெரிய டாக்டரிடம் கேட்டேன். "போன வருஷம் எங்க மலையிலருந்து வெள்ளையன்னு ஒருத்தர் வந்தாரு சார். பை செத்துப்போச்சுன்னு அனுப்பிட்டீங்க. அவரக் குந்த வெச்சுப் பாத்தீங்களா?"

அவர் யோசித்தார். "ஞாபகம் இல்லையே. எப்படி இருக்காரு?"

"செத்துட்டாரு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வந்துவிட்டேன். வெள்ளையனின் பை உண்மையிலேயே செத்திருந்ததா, அவனும் என்னைப் போல மீசையை நீவிக்கொண்டு இல்ல என்றானா, இனி யாருக்கும் தெரியாது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பஸ் வந்த பிறகும் எங்கள் ஊரிலிருந்து ஜமுனாமரத்தூர் சந்தைக்குச் சுமை தலையில்தான் போகிறது. நான் இனிப் பாரம் தூக்கக் கூடாது, வெறுங்கையோடு ராமாயிகூட நடப்பேன். போன மழைக்குப் பிறகு ஒரு சந்தை நாளில் அந்த வழியில் இருக்கிற சுமைதாங்கிக் கல்லில் எல்லாரும் இறக்கிவிட்டு ஓரமாகப் போய் வந்துவிட்டார்கள். சடையனை மட்டும் காணவில்லை. புதருக்குப் பின்னால் குந்தியவன் வரவேயில்லை. வந்தபோது முகம் வெளுத்திருந்தது. வேட்டி முனையில் ஈரம்.

"இன்னாடா, சரியாப் போவலியா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா" என்று சிரித்துக்கொண்டே சுமைக்குக் கை வைத்தான்.

ராமாயி அவன் கையைத் தட்டிவிட்டாள். ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் நிற்க, அவன் சட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தாள்.

"இல்லன்னு சொன்னே, இங்கியே உன்ன வெட்டிப் போட்ருவேன். ஒருத்தன் இல்லன்னு சொல்லித்தான் மண்ணுக்குள்ள கீறான். முட்டுதா, இல்லியா? சொல்லுடா!"

யாரும் சிரிக்கவில்லை. சடையன் கல்லைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். உதடு கோணிக்கொண்டு வந்தது.

"முட்டுது அக்கா" என்றான். "ரொம்ப நாளா முட்டுது."

அவன் சுமையைக் கல்மேலேயே விட்டுவிட்டு, மூன்று பேரும் பஸ்ஸுக்கு நடந்தோம்.